ஒரு ராத்திரிக்கு நுகர்வோர், பத்து வருஷத்துக்கு யாரோ

பாலக்காட்டில் ஏதோ ஒரு லாட்ஜில் ஒரு ராத்திரி தங்குகிறீர்கள் என்று வையுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, மெத்தையில் மூட்டைப்பூச்சி, காலையில் கேட்டால் கட்டிய அட்வான்ஸையும் தர மறுக்கிறார்கள். நீங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதையெல்லாம் சேவை என்று எண்ணுகிறது என்று பார்த்தால், வங்கி, காப்பீடு, போக்குவரத்து, மின்சாரம் என்று நீளும் வரிசையில் சாப்பாட்டோடும் சாப்பாடில்லாமலும் தங்க இடம் தருவதும் இருக்கிறது. பிளாட் கட்டித் தருகிறேன் என்று பணம் வாங்கி ஏமாற்றும் பில்டரும் அதில் மாட்டுவார்.

அதே ஊரில் பத்து வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். கூரை ஒழுகுகிறது, கிணற்று மோட்டார் போய்விட்டது, காலி செய்தபின் அட்வான்ஸ் வரவில்லை. இப்போது நீங்கள் நுகர்வோர் இல்லை. வாடகை ஒரு சேவைக்குக் கொடுக்கும் கட்டணமல்ல, அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமை கைமாறுவது என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்த்துவந்திருக்கின்றன. சிவில் கோர்ட்டுக்குப் போங்கள், இல்லையென்றால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் போங்கள் என்பார்கள்.

பாலக்காட்டை ஒட்டிய தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில் நான் இருந்த வீட்டின் ஓனர், காலி செய்த அன்று டார்ச் லைட்டோடு வந்தார். பகல் வெளிச்சத்தில் டார்ச் எதற்கு என்று பார்த்தால், சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணுவதற்கு. சாமி படத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, கொசுவலைக்கு நாலு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போட்டு, அதோடு மொத்த வீட்டுக்கும் பெயிண்ட் கூலி என்று எழுதி, 40,000 அட்வான்ஸில் பாதிக்கு மேல் கழித்துவிட்டார். நாங்கள் வரும்போதே அந்தச் சுவர் பூத்துப்போய்த்தான் இருந்தது. பக்கத்துச் சித்தூரில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். "கேஸ் போடலாம் சார். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனா நீங்க கேக்கற பணத்தை விட நடக்கற செலவு ஜாஸ்தி" என்றார். நேர்மையான வக்கீல்.

சரி, அப்படியானால் வாடகைக்காரனையும் நுகர்வோர் பட்டியலில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அட்வான்ஸ் தகராறு மாதிரி சின்னப் பணக் கணக்குகளுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நுகர்வோர் என்கிற ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்தக் கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம், சட்டம் அந்தப் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கை. சோப்புக்கு அது பொருந்தும். வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்? வீடு மாற்றினால் பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறும். இங்கே தமிழ் மீடியம் இருக்கும் பள்ளிகள் சித்தூர் தாலுக்காவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் மாதிரிச் சில ஊர்களில்தான் உண்டு, எல்லா ஊரிலும் கிடையாது. ரேஷன் கார்டு விலாசம், கேஸ், மனைவி வேலைக்குப் போகும் பஸ், கடன் கொடுக்கும் மளிகைக்கடை எல்லாம் அந்த வீட்டு வாசலில் இருந்து அளந்து வைத்தவை. ஓனருக்கு இது தெரியும். வாடகையை ஏற்றும்போது அவர் விலை பேசுவது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமல்ல, நாம் இடம் மாறினால் படப்போகும் பாட்டுக்கும் சேர்த்துத்தான்.

கஞ்சிக்கோட்டில் வாடகை ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஐஐடி 2015இல் பாலக்காட்டுக்கு வந்தது, பிறகு கஞ்சிக்கோட்டில் அதன் நிரந்தர வளாகம் எழுந்தது. நாலுவழிச் சாலை வந்தது. கம்பெனிகள் கூடின. ஒவ்வொன்றும் வரும்போது, கஞ்சிக்கோடு இருக்கும் புதுசேரி பஞ்சாயத்தில் ஓட்டு வீட்டுக்கும் வாடகை ஏறியது. அந்த ஓட்டு வீட்டில் ஓனர் ஒரு ஓடு கூட மாற்றவில்லை. ஏற்றிவிட்டது அரசாங்கத்தின் பணமும், அங்கே வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களின் கூட்டமும். நாங்கள் வந்ததால் இடத்துக்கு மதிப்பு கூடியது, கூடிய மதிப்பை எங்களிடமே வசூலிக்கிறார்கள். பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ இருநூறு வருஷத்துக்கு முன்பு விளைநிலத்தை வைத்துச் சொன்ன கணக்கு, இன்றைக்கு ஒரு பெட்ரூம் கிச்சன் வீட்டுக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

வாடகை பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் பிறந்தது வாடகையே இல்லாத வீட்டில். மூணாறு பக்கம் தேவிகுளம் தாலுக்காவில் ஒரு எஸ்டேட் லயம். நீளமாக ஒரே கட்டடம், பத்துக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். உள்ளே ஒரு முன் ரூம், பின்னால் புகை படிந்த அடுப்படி. மேலே தகரம். நாலாவது வீட்டில் தாத்தா இருமினால் ஏழாவது வீட்டில் பாட்டி சுக்குத் தண்ணி போடுவாள், அவ்வளவு மெல்லிய சுவர்கள். எங்கள் பெரியவர்களைத் திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்களுக்கு அதுதான் வீடு. ஒரு பைசா வாடகை கொடுத்ததில்லை.

அப்பா 58 வயதில் ஓய்வு பெற்றபோதுதான் அந்த வீட்டின் விலை எங்களுக்குத் தெரிந்தது. லயம் வேலையோடு வந்தது, வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். வீடு நிற்க வேண்டுமானால் குடும்பத்தில் வேறு யாராவது பேரு பதிந்து வேலைக்கு இறங்க வேண்டும். அக்கா அப்போது பிளஸ் டூ முடித்து, மூணாறில் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, நான் அப்போது சின்னவன். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஏத்தா, வீடு போச்சுன்னா சட்டிபானையத் தூக்கிட்டு எங்கன போறது?" அக்கா அந்த வாரமே கொழுந்துக்கூடை தூக்கினாள். இன்றைக்கும் எடுக்கிறாள். விரல் இடுக்குகளில் கறுத்துப்போன கறை எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. பக்கத்து லயத்தில் பேரு பதிய ஆளில்லாத வீடுகளில், சாவியைக் கொடுத்தால்தான் சர்வீஸ் பணம் என்று நிறுத்திவைத்தார்கள். அந்தச் சர்வீஸ் பணத்துக்கான பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. சட்டம் கீழே சமவெளியில் இருந்தது, நாங்கள் மேலே இருந்தோம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பிற்பாடு சேர்த்த ஒரு பிரிவு இருந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ செத்தால் நஷ்டஈடு முதலாளி பொறுப்பு. ஆனால் இடிந்ததற்குக் காரணம் இயற்கைச் சீற்றம் மட்டுமே என்றால் பொறுப்பில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அந்த மழையை யாரும் வரவழைக்கவில்லை, சரிதான். அந்தச் சரிவின் அடியில் எந்த லயத்தில் யார் படுத்துத் தூங்குவது என்பது மட்டும் மழை எடுத்த முடிவல்ல. வாடகை வீடு பார்க்கப் போகிறவன் குறைந்தபட்சம் பின்பக்கம் போய் மலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பி வரலாம். நம்பர் போட்ட கதவில் அந்த வசதி இல்லை.

இந்த இடத்தில் கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1963இல் வந்த சட்டம், 1969இல் திருத்தி, 1970 ஜனவரி 1ஆம் தேதியோடு ஜன்மிக்காரர்கள் என்ற நிலச்சுவான்தார்களின் குத்தகை உரிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. உழுதவன் நிலத்துக்குச் சொந்தக்காரனானான். அதைவிட எனக்குப் பிடித்தது, நிலமே இல்லாமல் அடுத்தவன் மண்ணில் குடிசையில் கிடந்தவனுக்கு அது செய்த காரியம். குடிகிடப்புக்காரன் என்று அவனுக்குப் பெயர். கிராமத்தில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், மாநகரத்தில் 3 சென்ட் வரை அவன் தன் குடிசை இருந்த மண்ணை மலிவு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். சொந்தக்காரனே கட்டிக்கொடுத்த குடிசையாக இருந்தாலும், கட்டும்போது 750 ரூபாய்க்கு மேல் செலவாகாதது, அல்லது மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை வராதது என்றால் அதுவும் கணக்கில் சேரும். சித்தூர் தாலுக்காவில் இன்றைக்கும் பத்து சென்ட் வீடுகளைக் காட்டி, "இது எங்க தாத்தனுக்கு அப்போ கெடச்சது" என்று தமிழ்க் குடும்பங்கள் சொல்லும்.

ஒருவன் ஓரிடத்தில் நெடுநாள் வாழ்ந்தாலே அந்த இடத்தின் மேல் அவனுக்கு ஒரு பாத்தியதை பிறந்துவிடுகிறது என்பதை இந்த மண்ணில் ஒரு சட்டசபை ஒத்துக்கொண்டது. ஆனால் அதே சட்டம் தோட்டங்களை நில உச்சவரம்பிலிருந்து விலக்கிவிட்டது. தேயிலையைத் துண்டு போட்டால் தொழில் கெடும் என்று காரணம் சொன்னார்கள், அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தேயிலையைத் துண்டு போடாமலே லயத்துக்காரனுக்கு ஐந்து சென்ட் கொடுத்திருக்க முடியாதா என்பதற்குத்தான் இதுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மூன்று தலைமுறை இருந்தும் எங்களுக்குப் பாத்தியதை பிறக்கவில்லை. கீழே கஞ்சிக்கோட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்கும் பிறக்காது.

இப்படிச் சொன்னதும் கேரளத்தில் வாடகைக்காரனுக்குச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது அமலில் இருக்கும் ஊர்களில் ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பதை மட்டும் காட்டி யாரையும் வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, சொந்தக்காரருக்கே வீடு உண்மையாகத் தேவைப்படுவது என்று குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். 1940 ஏப்ரல் 1 முதல் தொடர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தவரைச் சொந்தத் தேவை என்று சொல்லியும் எளிதில் கிளப்ப முடியாது என்று ஒரு பிரிவு. கடை வைத்துப் பிழைப்பவர், அந்த வருமானத்தை நம்பித்தான் இருக்கிறார், பக்கத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை என்றால் அவருக்கும் பாதுகாப்பு. இந்தச் சட்டத்தை எழுதினவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருந்தது.

அப்புறம் என்ன ஆனது? ஓனர்கள் முத்திரைத் தாளில் வேறு விதமாக எழுதத் தொடங்கினார்கள். பதினோரு மாதம் என்று போடுவார்கள், ஏனென்றால் ஒரு வருஷத்துக்கு மேல் போனால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிய வேண்டும். இது வாடகை அல்ல, தங்குவதற்கு அனுமதி மட்டுமே என்று ஒரு வரி சேர்ப்பார்கள். பேரில் என்ன இருக்கிறது, உண்மையில் வீட்டின் முழு அனுபவம் யார் கையில் என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அதைச் சொல்ல நீங்கள் கோர்ட் வரை போக வேண்டுமே. எங்கள் கம்பெனியில் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், மலையாளத்தில் டைப் அடித்த மூன்று பக்கத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். கையெழுத்துப் போட்டு அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. அதில் ஓனர் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குள் வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அவர் மனைவி பகலில் தனியாக இருக்கிற வீடு.

எல்லை தாண்டினால் வேறு உலகம். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சட்டம். 2017இல் நிறைவேற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. படித்ததும் சந்தோஷமாக இருந்தது, அடுத்த வரியைப் பார்க்கும் வரை. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். சாவி ஒருவர் கையில் இருக்கும்போது ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வது? மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் வீட்டுக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைத்தது, ஓனர் உள்ளே வர 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்றது. நல்லது. ஆனால் காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகை, அதற்குமேல் நாலு மடங்கு. பழைய சட்டம், போ என்று சொல்ல ஓனரிடம் காரணம் கேட்டது. புதியவை தேதியை மட்டும் கேட்கின்றன. முதலீடு வர வேண்டும், பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்க வேண்டும் என்பது வாதம்.

அந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளுவதில்லை. பாலக்காட்டின் பழைய அங்காடித் தெருக்களில் போய்ப் பாருங்கள். எந்தக் காலத்திலோ பேசிய வாடகையில் உட்கார்ந்திருக்கும் கடைகள், அந்தப் பணத்தில் ஒரு கழிகோல் கூட மாற்ற முடியாத ஓனர்கள், மழைக்கு ஒரு பக்கம் சாயும் மாடிகள். வாடகையை உறைய வைத்தால் கட்டடம் செத்துப்போகும். கேரள உயர் நீதிமன்றமும் 1995இல், 1965 சட்டத்தில் இருந்த நியாய வாடகைப் பிரிவுகளைச் செல்லாது என்றது. வளைகுடாவில் இருபது வருஷம் வெந்து கட்டின வீட்டை வாடகைக்கு விட பயந்து பூட்டி வைத்திருப்பவர்களையும் தெரியும். அவர்களை ஜன்மிகள் என்று திட்டுவது சோம்பேறித்தனம்.

என் இப்போதைய ஓனர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். கணவர் இல்லை. மாடியைக் கட்ட வாங்கிய கடனுக்கு என் 9,000 வாடகைதான் போகிறது. நான் மாடியில், அவர் கீழே. எங்கள் இரண்டு பேரில் யார் முதலாளி என்று கேட்டால் பேங்க் என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எனக்கும் டீச்சருக்கும் பேச்சு முறிந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை போகும். எனக்குப் பையனின் படிப்பில் ஒரு வருஷம் போகும். எது எத்தனை ரூபாய் என்பதை விட, இந்தச் சமமில்லாத நஷ்டத்தைத்தான் சட்டம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வாடகை ஊர் விலைக்கு ஏறட்டும், ஆனால் எவ்வளவு ஏறும் என்று முன்பே தெரிய வேண்டும். ஓனருக்கு வீடு தேவை என்றால் போகிறோம், காரணம் சொல்லட்டும், பள்ளிக்கூடம் முடியும் வரை நேரம் கொடுக்கட்டும். அட்வான்ஸ் இருவர் கையிலும் இல்லாமல் மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். இங்கிலாந்தில் 2007இலிருந்து அட்வான்ஸை அரசு அங்கீகரித்த திட்டத்தின் பாதுகாப்பில்தான் வைக்க வேண்டும். ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் ஓனர் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் போட வேண்டும். அவையெல்லாம் முதலாளித்துவ நாடுகள்தான். அங்கே வீடு கட்டுகிறவர்கள் ஓடிப்போய்விடவில்லை.

கேரளமே ஒரு சின்ன இடத்தில் செய்து காட்டியிருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக அரசு கஞ்சிக்கோட்டில் கட்டிய அப்னா கர் விடுதியில் 620 பேர் தங்கலாம். எங்கள் கம்பெனியில் ஒடிசாக்காரப் பையன்கள் தகர ஷெட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் வாடகை கொடுத்து, ஒரே கக்கூஸுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். அந்த ஷெட்டுகள் இருக்கிற அளவுக்கு முன்னால் 620 ஒன்றுமே இல்லை, அது வேறு விஷயம்.

அடுத்த மாதம் என் பதினோரு மாதம் முடிகிறது. இந்தத் தடவை டைப் அடிக்கும் முன்பே இரண்டு வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். காலி செய்யச் சொல்வதானால் காரணத்தோடு மூன்று மாத நோட்டீஸ், அதுவும் மார்ச்சுக்குப் பிறகு. அட்வான்ஸ் 50,000 இருவர் பெயரிலும் கூட்டுறவு பேங்கில் டெபாசிட், வட்டி அவருக்கே. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல இரண்டையும் படித்தார். முதல் வரிக்கு டிக் போட்டார். இரண்டாவதை அடித்துவிட்டு, "அந்தக் காசு மாடி ஸ்டெப்புக்கு டைல்ஸ் போட்டதுல எப்பவே தீந்து போச்சு கேட்டோ" என்றார். வாடகையில் ஐந்து சதவீதம் கூட்டி எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்று சதவீதம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பேச்சு நடக்கிறது.